மாணவர் நலன் வேலைக்கென்று ஒரு முதுகலை: அமெரிக்கா போகலாமா, இங்கேயே இருக்கலாமா?

பொருநைக்கரை | வெள்ளி, இரவு 10:50

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 27 வயது. எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு நான்கு வருடமாகக் கோவை பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மாணவர் நலன் அலுவலராக இருக்கிறேன். காலையில் தாமதமாக வருகிறவர்களின் பெயரை எழுதுவது, பஸ் கட்டண பாக்கிக்காகக் கூப்பிட்டுப் பேசுவது, ஹாஸ்டல் அவுட்பாஸில் கையெழுத்துப் போடுவது என்று பொழுது போய்விடுகிறது.

போன நவம்பரில் நடந்ததைச் சொல்லாமல் என் கேள்வியைக் கேட்க முடியாது. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன். ஒன்பது அரியர். தினமும் காலை 7:10க்குக் கல்லூரிப் பஸ்ஸில் ஏறி வருவான். வகுப்புக்குப் போகமாட்டான். கேன்டீனுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு சிமெண்ட் திண்ணை இருக்கிறது, அங்கே உட்கார்ந்திருப்பான். வீட்டில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் அதே பஸ்ஸில் வீடு திரும்புவான். இப்படி 41 நாள். அப்பா லாரி ஓட்டுகிறார். முதல் பட்டதாரி சான்றிதழ் வைத்துச் சேர்ந்த பையன்.

வருகைக் குறைவுப் பட்டியல் அச்சாகி வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "மேடம், நான் வரலைன்னு யாருமே கேக்கலை. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றான்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவன் எதிரிலேயே அவன் அப்பாவுக்கு போன் போட்டேன். எங்கள் கல்லூரியில் அதுதான் வழக்கம். மறுநாளிலிருந்து இரண்டு வாரம் அவன் வரவே இல்லை. எம்.எஸ்.டபிள்யூவில் ஆலோசனை பற்றிப் படித்திருக்கிறேன். ஆனால் 19 வயசுப் பையன், கல்லூரி, அரியர், அப்பா இந்த நான்கும் சேர்ந்து நிற்கும்போது எதை முதலில் தொடுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதனால்தான் அமெரிக்காவில் உயர்கல்வி நிர்வாகம், மாணவர் மேம்பாடு என்று இதற்காகவே இருக்கும் இரண்டு வருட முதுகலைக்கு விண்ணப்பித்தேன். இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று எல்லோருக்கும் பெயர் தெரிந்த பல்கலைக்கழகம், பண உதவி எதுவும் இல்லை. இன்னொன்று அங்கே ஒரு சின்ன ஊரில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகம். விடுதிப் பிரிவில் அசிஸ்டன்ட்ஷிப்புக்கு, அதாவது படித்துக்கொண்டே அங்கேயே பகுதிநேர வேலை பார்த்து, பதிலுக்குக் கட்டணச் சலுகையும் மாதத் தொகையும் வாங்குவதற்கு, நேர்காணல் வைத்திருக்கிறார்கள். முதலாவதற்குப் போனால் அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க வேண்டும்.

போகலாமா? எதற்குப் போகலாம்? திரும்பி வந்தால் இந்தப் படிப்புக்கு இங்கே மதிப்பு இருக்குமா?

---

வைகை_வடகரை | சனி, காலை 6:15

தங்கச்சி, ஒஹாயோவில் ஒன்பது வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன். கம்ப்யூட்டர் முதுகலைக்கு வந்து, விடுதி வேலையில் மனசு ஒட்டிக்கொண்டு, அப்புறம் இதையே தனியாகப் படித்தவன். உன் கேள்விக்கு என் பதில், அசிஸ்டன்ட்ஷிப் இருக்கிற இடத்துக்குப் போ. பல்கலைக்கழகத்தின் பெயருக்காக வீட்டுப் பத்திரத்தை வைக்காதே.

பணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தப் படிப்பில் பாதி வகுப்பறையில் நடக்கிறது, மீதிப் பாதி வாரம் 20 மணி நேரம் பார்க்கிற வேலையில் நடக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று உரசவேண்டும். வேலை இல்லாமல் வகுப்பு மட்டும் படித்தவர்கள் கோட்பாட்டை நன்றாகச் சொல்வார்கள், ஆனால் அழுகிற பையனுக்கு எதிரே உட்காரத் தடுமாறுவார்கள். பார்த்திருக்கிறேன்.

என் முதல் வருடத்தில் ஒரு வாரத்தைச் சொல்கிறேன். திங்கள் மாலை சட்ட வகுப்பு. 1960 பிப்ரவரியில் அலபாமா மாநிலக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் மான்ட்கோமெரியில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகத்தில் போய் உட்கார்ந்தார்கள். கல்லூரி விசாரணையே இல்லாமல் அவர்களில் சிலரை நீக்கியது. 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி ஒரு மாணவரை நீக்குவதற்கு முன் குற்றச்சாட்டைச் சொல்லவேண்டும், அவர் தரப்பைக் கேட்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. டிக்சன் வழக்கு என்பார்கள். அதுவரை கல்லூரி பெற்றோரின் இடத்தில் நிற்கிறது, அதனால் எதையும் செய்யலாம் என்றுதான் இங்கேயும் நினைத்திருந்தார்கள். அந்த நினைப்பு அங்கேதான் உடைய ஆரம்பித்தது. மறுநாள் காலை அதே நான், அறையில் மது வைத்திருந்த ஒரு பையனை விசாரிக்க உட்கார்ந்தேன். அவன் மேல் என்ன புகார் என்று வாசித்துக் காட்டிவிட்டு, "இனி நீ சொல்" என்று பேசாமல் இருக்கவேண்டும். அந்தப் பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? நம் ஊரில் எச்.ஓ.டி அறையில் நின்றவன்தானே நான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இரண்டாம் வருடம் ஜனவரி, நல்ல பனி. டியூட்டி போன் இரவு 2:40க்கு அடித்தது. நான்காவது மாடியில் முதலாண்டு மாணவி ஒருத்தி குளியலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்திருக்க மறுக்கிறாள் என்றார்கள். ஓடினேன். நானும் தரையிலேயே உட்கார்ந்தேன். "தற்கொலை செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாக, சுற்றி வளைக்காமல் கேட்டேன். அப்படிக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று இங்கே வருவதற்கு முன் நம்பியிருந்தேன். அது தவறு என்று முதல் செமஸ்டரிலேயே சொல்லிக்கொடுத்து, நாக்கு பழகும்வரை வகுப்பில் ஒருவரையொருவர் கேட்கவைத்தார்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது என்பதையும் அங்கேதான் கற்றேன். அவள் ஆமாம் என்றாள். அன்றிரவு பணியில் இருந்த ஆலோசகர் வரும்வரை 50 நிமிடம் அந்தக் குளிர்ந்த டைல்ஸில் உட்கார்ந்திருந்தோம். மே மாதம் அவள் தன் அறையைக் காலி செய்யும்போது பெட்டி தூக்கக் கூப்பிட்டாள்.

நல்ல மனசு வேண்டும்தான். அந்த இரவில் எனக்குக் கைகொடுத்தது பயிற்சி.

---

பொருநைக்கரை | சனி, காலை 9:30

அண்ணா, ரொம்ப நன்றி. நான் அப்பாவுக்கு போன் செய்தது பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. அங்கே என்ன செய்திருப்பீர்கள்?

---

வைகை_வடகரை | சனி, மாலை 5:40

வேண்டுமென்றேதான் விட்டேன், நீ ஏற்கனவே வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறாய் என்று. கேட்டதால் சொல்கிறேன்.

இங்கே 1974இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது, ஃபெர்பா என்போம். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மதிப்பெண், வருகை, ஒழுங்குப் பதிவு எல்லாவற்றின் மீதும் உரிமை மாணவருக்குத்தான், பெற்றோருக்கு இல்லை. மாணவர் எழுதிக்கொடுக்காமல் நாங்கள் சொல்ல முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம். வருமான வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவராகக் காட்டியிருந்தால் சொல்ல இடம் உண்டு.

ஒருமுறை சேலத்திலிருந்து ஒரு அப்பா கூப்பிட்டார். பல்கலைக்கழகத் தளத்தில் என் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு, நேராகத் தமிழிலேயே ஆரம்பித்தார். "தம்பி, பையன் ஒரு மாசமா சரியாப் பேசறதில்லை. பாஸா ஃபெயிலான்னு மட்டும் சொல்லுங்க போதும்." எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சட்டம் அனுமதிக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு போனை வைக்கவும் முடியாது. "ஐயா, நான் இப்போதே போய் அவனைப் பார்க்கிறேன், அவனே உங்களைக் கூப்பிடுவான்" என்றேன். மூன்றாவது மாடிக்குப் போய், அவனிடம் அப்பா கூப்பிட்டதைச் சொல்லி, என்ன பேசவேண்டும் என்று அவனோடு உட்கார்ந்து யோசித்து, அவன் டயல் பண்ணும்போது பக்கத்தில் இருந்தேன். இரண்டு பாடம் போயிருந்தது. அதை அவன் வாயால் அவனே சொன்னான்.

இங்கே சட்டம் வற்புறுத்துவதால் நாங்கள் அப்படிச் செய்கிறோம். உன் கல்லூரியில் சட்டம் இல்லாவிட்டாலும் அதைச் செய்யலாம். அப்பாவிடம் மறைக்கவேண்டியதில்லை. யார் சொல்வது, எப்போது சொல்வது என்பதைப் பையன் கையில் கொடுத்துப் பார்.

---

ஓய்வுபெற்ற_வார்டன் | சனி, இரவு 9:05

தஞ்சைப் பக்கம் ஒரு கல்லூரியில் 31 வருடம் பேராசிரியராக இருந்தேன், அதில் 22 வருடம் வார்டன். எனக்கு 66 வயதாகிறது. தம்பி எழுதியதைப் படித்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் நான் உடன்படவில்லை.

நம் பிள்ளையை நமக்குத் தெரியும். அந்தப் பையனின் படிப்புக்குக் கட்டணம் கட்டுவது அந்த லாரி ஓட்டும் மனிதர். அவருக்குத் தெரியக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? நாங்கள் எந்தப் பட்டமும் வாங்காமல்தான் விடுதி நடத்தினோம். இரவு பத்து மணிக்கு ஒவ்வொரு அறையாகப் போவேன். எவன் சாப்பிடவில்லை, எவனுக்கு ஊரிலிருந்து பணம் வரவில்லை என்று முகம் பார்த்தே சொல்வேன்.

1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட செய்தி வந்தபோது எங்கள் விடுதியில் முதலாண்டுப் பையன்கள் இரண்டு நாள் தூங்கவில்லை. என் அறை வராந்தாவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. சட்டம் நல்லது. ஆனால் அந்த இரண்டு இரவு பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது வராந்தாவில் ஒரு பெரிய மனுஷன். அதற்குக் கடல் தாண்டிப் போய்ப் படிக்கவேண்டுமா அம்மா?

---

கயல்_என்ஜே | ஞாயிறு, காலை 7:20

ஐயா சொல்வது மனதைத் தொட்டது. அதற்குப் பதில் வேறு யாராவது எழுதட்டும். நான் பணத்தையும் விசாவையும் பற்றிச் சொல்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஆறு வருடமாக வேலை. இதைப் படிக்காமல் யாரும் லோன் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அசிஸ்டன்ட்ஷிப் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள், உள்ளே போனால் பத்து விதம் இருக்கும். கல்விக் கட்டணம் முழுக்க விலக்கா, பாதியா? கட்டணம் விலக்கினாலும் தனியாக வாங்கும் 'ஃபீஸ்' கட்டவேண்டுமா? உடல்நலக் காப்பீடு யார் செலவு? மாதத் தொகை பன்னிரண்டு மாதமும் வருமா, பத்து மாதம் மட்டுமா? கோடையில் அறையைக் காலி செய்யச் சொல்வார்களா? விடுதிப் பிரிவு வேலை என்றால் பெரும்பாலும் தங்க இடமும் மெஸ் சாப்பாடும் சேர்த்தே தருவார்கள், இந்தத் துறையில் அது பெரிய மிச்சம். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அசிஸ்டன்ட்ஷிப் 20 மணி என்றால் அதோடு முடிந்தது, நூலகத்தில் இன்னொரு வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி, அதாவது மாணவர் விசாவிலேயே படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம். கம்ப்யூட்டர், பொறியியல் படித்தவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் 24 மாதம் இந்தப் படிப்புக்குக் கிடையாது. இதைத்தான் நிறையப் பேர் வந்த பிறகு தெரிந்துகொண்டு அழுகிறார்கள், என் மேசைக்கு எதிரேயே அழுதிருக்கிறார்கள். நல்ல செய்தியும் ஒன்று உண்டு. பல்கலைக்கழகங்கள் எச்-1பி என்ற வேலை விசா எடுத்தால் குலுக்கலில் நிற்கவேண்டியதில்லை, வருடாந்திர எண்ணிக்கை வரம்பு அவற்றுக்கு இல்லை. ஆனால் எடுக்க மனமும் பணமும் இருக்கவேண்டும். தொடக்க நிலை விடுதி மேலாளர் வேலைக்கு விசா எடுக்காத இடங்கள் நிறைய. அதோடு 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் என்று அறிவித்த பிறகு எல்லா அலுவலகங்களும் தயங்குகின்றன. வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு ஒரு விதம், இங்கேயே மாணவராக இருந்து மாறுபவருக்கு ஒரு விதம் என்று அதற்கு விளக்கங்கள் வந்தன. சேரும் சமயத்தில் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைச் சந்தையும் மாறியிருக்கிறது. 2023இல் டெக்சாஸ், புளோரிடா இரண்டு மாநிலங்களும் அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மைப் பணிகளைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டன. டெக்சாஸ் சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, அங்கே இனம், பாலினம் என்று ஒதுக்கப்பட்ட மாணவர்களுக்குத் துணைநின்ற பன்முகத்தன்மை அலுவலகங்கள் மூடப்பட்டன. இந்தப் படிப்பு முடித்தவர்கள் நிறையப் பேருக்கு முதல் வேலை கொடுத்த இடங்கள் அவை.

சம்பளமும் குறைவு. கம்ப்யூட்டர் படித்த அறைத்தோழியின் தொடக்கச் சம்பளத்தில் பாதிகூட வராமல் போகலாம். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, விடமாட்டேன். ஆனால் பெரிய கடனோடு இந்தச் சம்பளத்தில் வாழ முடியாது.

---

வைகை_வடகரை | ஞாயிறு, மாலை 4:10

ஓய்வுபெற்ற வார்டன் ஐயாவுக்கு வணக்கம். உங்களைப் போன்ற ஒரு வார்டன்தான் என்னை மதுரையில் வளர்த்தார். அதனால் மறுத்துப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் இருந்த விடுதியில் எத்தனை பையன்கள் ஐயா? முந்நூறு இருந்திருக்கலாம். இன்று தங்கச்சியின் கல்லூரி போன்ற இடங்களில் மூவாயிரம், நாலாயிரம் பேர். முகம் பார்த்துச் சொல்கிற ஒருவரை நம்பி நாலாயிரம் பேரை விடமுடியாது. நீங்கள் முகம் பார்த்துக் கண்டுபிடித்ததை, உங்களைப் போல் கண் இல்லாதவர்களும் கண்டுபிடிக்கும்படி ஒரு முறையாக ஆக்குவதுதான் இந்தப் படிப்பின் வேலை என்று நினைக்கிறேன்.

இங்கேயும் இது வார்டன்களிடமிருந்துதான் தொடங்கியது. நூறு வருடத்துக்கு முன் ஆண்களுக்கு ஒரு டீன், பெண்களுக்கு ஒரு டீன் என்று பேராசிரியர்களே பார்த்தார்கள். பெண்கள் டீன்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் 1910களிலேயே வகுப்பு தொடங்கிவிட்டது. 1937இல் அமெரிக்கக் கல்விக் கவுன்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவரின் அறிவை மட்டும் பார்க்காமல் அவருடைய உடல், மனம், பணக் கஷ்டம், நட்பு, நம்பிக்கை எல்லாம் சேர்ந்த முழு ஆளாகப் பார்ப்பது கல்லூரியின் கடமை என்று அதில் எழுதினார்கள். இந்தத் துறையில் எல்லோரும் முதலில் படிப்பது அதைத்தான்.

அப்பாவிடம் சொல்வது பற்றி நீங்கள் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. இங்கே வகுப்பில் இது சண்டையாகவே நடக்கும். சிக்கரிங் என்ற ஆய்வாளர் 1969இல் கல்லூரி வயதுப் பிள்ளை எந்தெந்தப் பக்கம் வளர்கிறது என்று ஏழு திசைகளைச் சொன்னார். திறமை, உணர்ச்சியைக் கையாள்வது, தன் காலில் நிற்பது, உறவுகள், தான் யார் என்பது, நோக்கம், நேர்மை. 1993இல் ரீசர் என்பவரோடு சேர்ந்து திருத்தும்போது, தன் காலில் நிற்பதோடு வளர்ச்சி முடிவதில்லை, அதைத் தாண்டி ஒருவரையொருவர் சார்ந்து வாழ்வது வரை போகிறது என்று மாற்றினார்கள். டின்டோ என்பவர் 1975இல், மாணவர் படிப்பைப் பாதியில் விடுவதற்குக் காரணம் அவர் கல்லூரி வாழ்க்கையோடு ஒட்டாததுதான் என்றார். ஒட்டவேண்டுமென்றால் பழைய ஊர், பழைய உறவிலிருந்து ஓரளவு விலகவேண்டும் என்பதைப் பின்னால் 1987இல் எழுதிய நூலில் சேர்த்தார். 1992இல் டியர்னி என்ற ஆய்வாளர் அதை மறுத்தார். அமெரிக்கப் பழங்குடி மாணவர்களை உதாரணம் காட்டி, தன் மக்களை விட்டு வந்தால்தான் படிக்க முடியும் என்பது அவர்களுக்கு இழைக்கும் கொடுமை என்றார். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்கு என் அம்மாவின் ஞாபகம்தான். நான் படித்ததே அவளை விட்டு விலகாமல் இருந்ததால்தான்.

அதனால் அப்பாவை வெளியே நிறுத்தவேண்டும் என்று நான் சொல்லவே இல்லை ஐயா. அப்பா எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறார் என்பதுதான் என் கேள்வி. பையன் கதவைத் திறந்தால் அவர் துணையாக வருகிறார். நாம் திறந்தால் தண்டனையாக வந்து நிற்கிறார்.

தங்கச்சி, ஷ்லாஸ்பர்க் என்ற அம்மையார் 1989இல் எழுதியது உன் பையனுக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு மாணவர் ஓரத்தில் நிற்கிறாரா, நடுவில் இருக்கிறாரா என்பதை, "நான் இங்கே யாருக்காவது முக்கியமா" என்ற கேள்விக்கு அவருக்குக் கிடைக்கும் பதில்தான் தீர்மானிக்கிறது என்றார். அதில் முதல் படி, நம்மை யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வு. அந்தத் திண்ணைப் பையன் உன்னிடம் சொன்ன ஒரு வரியில் அவ்வளவும் இருக்கிறது.

---

யமுனைக்கரைத்_தமிழன் | ஞாயிறு, இரவு 11:30

டெல்லியில் உயர்கல்விக் கொள்கையில் ஆய்வு செய்கிறேன். திரும்பி வந்தால் மதிப்பு இருக்குமா என்ற கேள்விக்கு மட்டும் பதில்.

அமெரிக்காவில் இருப்பதுபோல் மாணவர் மேம்பாட்டுக்கென்று பரவலான முதுகலைப் படிப்பு நம் நாட்டில் வேரூன்றவில்லை. இங்கே இருக்கும் நீபா, அதாவது தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம், 1962இல் யுனெஸ்கோ துணையோடு ஆசிய நாடுகளின் கல்வி அதிகாரிகளுக்கான பயிற்சி மையமாகத் தொடங்கியது, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. நல்ல இடம். ஆனால் திட்டமிடல், நிதி, கொள்கை, இவைதான் அதன் பலம். திண்ணையில் உட்கார்ந்த பையனிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு அங்கே போகமுடியாது.

பதிவாளர் பதவி ஆசை இருந்தால் வேறு பாதை. யு.ஜி.சி விதிப்படி முதுகலையில் 55 விழுக்காடு, அதோடு 15 வருட ஆசிரியர் அனுபவம் அல்லது 15 வருட நிர்வாக அனுபவம், அதில் 8 வருடம் துணைப் பதிவாளராகவோ அதற்கு இணையாகவோ. அமெரிக்கப் பட்டம் அந்தக் கணக்கைச் சுருக்காது. டீன் பதவியோ நம் ஊரில் பேராசிரியர்கள் சில வருடம் மாறி மாறிப் பார்ப்பது.

ஆனால் காற்று திரும்புகிறது. 2023இல் மாணவர் குறைதீர்ப்புக்கு யு.ஜி.சி புதிய ஒழுங்குமுறை கொண்டுவந்தது, அதன்படி குறைதீர்ப்பாளர் கட்டாயம். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம், தற்கொலைத் தடுப்புக்காக ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வேறொரு வழக்கில், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. சமூகப் பணியாளர் என்ற சொல்லைக் கவனியுங்கள் பொருநைக்கரை. உங்கள் எம்.எஸ்.டபிள்யூ அதில்தான் வருகிறது. இந்தத் தீர்ப்பின் நகலை உங்கள் முதல்வர் மேசையில் வைக்க நீங்கள் அமெரிக்கா போய்வரும்வரை காத்திருக்கவேண்டாம்.

சோனிபட், ஸ்ரீசிட்டி போன்ற இடங்களில் வந்திருக்கும் புதிய தனியார் பல்கலைக்கழகங்கள் மாணவர் வாழ்க்கைக்கென்று முழுநேர ஆட்களை வைக்கின்றன. திரும்பி வந்தால் உங்கள் முதல் கதவு அங்கேதான் திறக்கும் என்று நினைக்கிறேன்.

---

நல்லூர்_வீதி | திங்கள், காலை 5:50

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர்களே மாணவ ஆலோசகர்களாகவும் இருக்கிறார்கள். கற்பித்தல், ஆராய்ச்சி எல்லாம் முடித்து மிஞ்சும் நேரத்தில்தான் மாணவரைப் பார்க்கவேண்டும். உதவிப் பதிவாளர்கள் கோப்புகளோடு நிற்கிறார்கள். 1997இல் பேராதனையில் பகிடிவதையால் (நீங்கள் ராகிங் என்பது) ஒரு பொறியியல் மாணவன் இறந்தான். தமிழ்ப் பிள்ளை. 1998இல் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1996, 97. எங்களுக்கு 1997, 98. ஐயா எழுதியதை வாசிக்கும்போது அந்த ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நெஞ்சைப் பிசைந்தது. இரண்டு கரையிலும் சட்டம் வந்துவிட்டது. அதைக் கையில் எடுத்து நாள்தோறும் வேலை செய்யப் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் வரவில்லை. தங்கச்சி, நீங்கள் போய்ப் படியுங்கள். திரும்பி வந்து எங்களுக்கும் ஒரு பட்டறை நடத்துங்கள்.

---

பி.காம்_மூன்றாமாண்டு | திங்கள், மதியம் 1:15

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எம்.எஸ்.டபிள்யூ, உளவியல் எதுவும் இல்லாமல் பி.காம் படித்தவர்கள் இதில் சேரலாமா?

---

கயல்_என்ஜே | திங்கள், மாலை 6:00

சேரலாம் தம்பி. எந்தப் பட்டமும் சரிதான், நான் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி. ஜி.ஆர்.இ நுழைவுத் தேர்வு கேட்காத இடங்களும் நிறைய. அவர்கள் பார்ப்பது நீ மாணவர்களோடு என்ன செய்தாய் என்பதைத்தான். என்.எஸ்.எஸ் முகாம், விடுதிப் பொறுப்பு, ஜூனியர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது, எதுவானாலும் உண்மையாக எழுது. மூன்று வருடப் பட்டத்தை எல்லா இடமும் ஏற்காது, முதலில் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுக்கொள்.

---

ஓய்வுபெற்ற_வார்டன் | திங்கள், இரவு 10:20

தம்பி வைகை எழுதியதை இரண்டு முறை படித்தேன். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

2003 என்று நினைக்கிறேன். மூன்றாமாண்டுப் பையன் ஒருவன் இரவில் அறையை விட்டு வெளியே போய்ச் சுற்றிவிட்டு வந்தான். நான்கு முறை பிடித்தேன். நான்காவது முறை எல்லோர் முன்னாலும் திட்டி, அப்பாவை வரவழைத்து, விடுதியை விட்டு அனுப்பினேன். அவன் படிப்பை விட்டுவிட்டான். பல வருடம் கழித்து அவனுடைய அறைத்தோழன் ஒரு கல்யாணத்தில் பார்த்துச் சொன்னான். அந்தப் பையனுக்கு இரவில் மூச்சு முட்டுவதுபோல் பயம் வருமாம், நாலு சுவருக்குள் இருக்க முடியாமல்தான் வெளியே போய் நடப்பானாம். நான் முகம் பார்த்தேன். திமிர் என்றுதான் எனக்குத் தெரிந்தது.

போய்ப் படித்துவிட்டு வாருங்கள் அம்மா. ஆனால் வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள். அந்தப் பெண் சொன்ன கணக்கு சரி.

---

பொருநைக்கரை | வியாழன், இரவு 9:45

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை. ஐயா, உங்கள் கடைசிப் பதிவை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெரியவர் சொன்னதைக் கேளு" என்றார்.

பெயர் தெரிந்த பல்கலைக்கழகத்துக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். சின்ன ஊர் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு மாணவியோடு நேற்று ஒரு மணி நேரம் பேசினேன். கயல் அக்கா கொடுத்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். கட்டண விலக்கு முழுதாக உண்டு, தனி ஃபீஸ் நாம் கட்டவேண்டும். தொகை பத்து மாதம். கோடையிலும் அறையில் இருக்கலாம். விசா எடுப்பார்களா என்பதற்கு அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் 12 மாத ஓ.பி.டியோடு திரும்பிவிடுவேன் என்று வைத்தே கணக்குப் போட்டிருக்கிறேன். 340 பேர் இருக்கும் விடுதியாம். நேர்காணல் வரும் திங்கட்கிழமை, அவர்களுக்குக் காலை பத்து மணி, நமக்கு இரவு 8:30.

இன்னொன்று. எங்கள் கல்லூரியில் பஸ் வருகைக்கு ஒரு பதிவு, வகுப்பு வருகைக்கு ஒரு பதிவு. ஒன்று போக்குவரத்து அலுவலகத்தில், இன்னொன்று துறையில். இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. செவ்வாய்க்கிழமை இரண்டையும் வாங்கி உட்கார்ந்தேன். பஸ்ஸில் வந்து மூன்று நாளுக்கு மேல் வகுப்புக்கு வராதவர்கள் 11 பேர். இதுவரை நான்கு பேரிடம் பேசியிருக்கிறேன். யார் வீட்டுக்கும் போன் போடவில்லை. ஒரு பெண் மட்டும், "நானே அம்மாகிட்ட சொல்றேன், நீங்க பக்கத்துல இருங்க மேடம்" என்றாள். நாளை மதியம் வரச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் பையன் இப்போது வகுப்புக்கு வருகிறான். அரியர் இன்னும் ஏழு இருக்கிறது. அன்று உன்னைக் கேட்காமல் அப்பாவைக் கூப்பிட்டது தப்பு என்று அவனிடம் நேற்று சொன்னேன். "பரவாயில்ல மேடம்" என்றான். பின்னே, பட்டியல் போடும் வேலையில் உதவட்டுமா என்று அவனே கேட்டான். மற்றவர்களின் பெயரை அவனிடம் காட்டக்கூடாது, அதனால் வேண்டாம் என்றேன். ஆனால் கேன்டீன் பின்பக்கம் யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால் போய்ப் பக்கத்தில் உட்கார முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.

நேர்காணல் முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.